'புதுமை போதாது' என்று எழுதிய நிதிக்குழுவுக்கு

ஆய்வு நிதிக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் முடிவுக் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் என் விண்ணப்பத்தைப் பற்றி இருந்தது நான்கே வரி. கடைசி வரி: "முன்மொழிவில் புதுமை போதாது." மதிப்பீட்டாளர்களில் ஒருவர் இன்னும் வெளிப்படையாகவே கேட்டிருந்தார்: பிறர் ஏற்கெனவே செய்து முடித்ததைத் திரும்பச் செய்ய எதற்குப் பணம்?

அந்தக் கேள்விக்கான பதிலை முதலில் உங்களுக்குத்தான் அனுப்பினேன். முடிவை மறுபரிசீலனை செய்ய விதியில் இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சரி, விதியை நான் மீறவில்லை. அதே பதிலை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்டது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாவரங்களிலிருந்து எடுத்த சேர்மங்களை நானோத்துகளில், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்களில், ஏற்றிக் கீமோ மருந்தோடு கொடுத்தால் புற்றுநோய்க் கட்டி இன்னும் நன்றாகச் சுருங்குகிறது என்று சொல்லும் கட்டுரைகள் ஏராளமாக வந்திருக்கின்றன. வாரம் தவறாமல் வந்துகொண்டும் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஐந்து செய்முறைகளை எடுத்து, எழுதியிருக்கிறபடியே செய்து பார்ப்பது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை, இரண்டு வெவ்வேறு ஆட்களின் கையால். ஆறு மாதம் வைத்திருந்து, அப்போதும் அது அதே பொருளாக இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு எலிகளில், வெறும் உப்புநீரோடு ஒப்பிடாமல், மருத்துவமனையில் இன்று உண்மையாகவே ஏற்றப்படும் மருந்தோடு ஒப்பிடுவது. புதுத் துகள் எதுவும் கிடையாது. புதுப் பெயரும் கிடையாது. நீங்கள் குறையாகப் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு இதுதான் திட்டத்தின் உயிர்நாடி.

ஏன் என்று சொல்ல என் தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னால், உங்களைப் போன்ற ஒரு குழு கொடுத்த பணத்தில், மஞ்சளின் குர்குமினை மட்கும் பாலிமர் ஒன்றில் அடைத்து ஒரு துகள் செய்தோம். குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது. வாய்வழி கொடுத்தால் இரத்தத்தில் தேடினாலும் கிடைக்காத அளவுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் துகளில் அடைக்கலாம் என்பது நியாயமான யோசனைதான். அளவு சீராக வந்தது. போட்ட மருந்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உள்ளே இருப்பதாகக் கணக்கு வந்தது. மூன்று நாள் மெதுவாக வெளிவருவதாக வரைபடம் சொன்னது. கட்டுரை வந்தது, நிறுவனத்தின் செய்திப்பிரிவு உற்சாகமாக ஒரு குறிப்பு எழுதியது, மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த மாணவிக்கு அந்தத் துகள் வரவில்லை. ஒரு நாள் வரும், மறுநாள் கலங்கிப்போகும். 'உனக்குக் கை பழகவில்லை' என்று நானே அவளிடம் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. அவள் வாதாடவில்லை. ஒரு சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து நாங்கள் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். பாலிமரையே போடவில்லை. குர்குமினை அசிட்டோனில் கரைத்து, அதே வேதிச்சோப்பு கலந்த அதே தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, அதே நேரம் கலக்கி, அதே வேகத்தில் மையவிலக்கில் சுழற்றினாள். குழாயின் அடியில் ஆரஞ்சு மஞ்சளாக ஒரு வில்லை. மேலே தெளிந்த நீர். அந்த நீரில் மிச்சமிருந்த குர்குமினை அளந்து, போட்டதிலிருந்து கழித்து, எங்கள் சூத்திரத்தில் வைத்தாள். 'அடைபட்டது' எண்பது சதவீதத்துக்கு மேல்!

அடைக்க அங்கே ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். துகளுக்குள் போகாத குர்குமின் தண்ணீரில் கரையாமல் நுண்ணிய தூளாகப் படிகிறது. மையவிலக்கில் துகளோடு துகளாக அதுவும் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மேல்நீரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கிடைக்காததை எல்லாம் 'உள்ளே போய்விட்டது' என்று எழுதிவிட்டோம். அடியில் இருந்த வில்லையை மெதுவாகக் கழுவி, தனித் தூளைப் பிரித்த பிறகு அளந்திருந்தால் உண்மை அன்றைக்கே தெரிந்திருக்கும். செய்யவில்லை. எண் நன்றாக இருந்தால் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை, நான் உட்பட.

மூன்று நாள் சீரான வெளியீடும் அதே கதைதான். துகளை டயாலிசிஸ் பையில் (கரைந்தது மட்டும் வெளியேறும் சவ்வுப்பை) கட்டி வெறும் தாங்கற்கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் நீர்) தொங்கவிட்டோம். வெளியே இருக்கும் நீரில் குர்குமின் கரையாது; எனவே துகளைவிட்டு வந்தாலும் பையைவிட்டு வராது. போதாததற்கு, புரதம் எதுவும் இல்லாத நடுநிலைக் கரைசலில், உடல் வெப்பத்தில், அரை மணி நேரத்தில் குர்குமினில் ஏறத்தாழ 90 சதவீதம் சிதைந்துவிடும் என்று 1997லேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆக 'இன்னும் வெளியே வரவில்லை' என்று நாங்கள் வரைந்த கோட்டில் ஒரு பகுதி, வெளியே வந்து அழிந்துபோனது. செல் சோதனையையும் விட்டுவைக்க முடியாது. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாயத்தை ஊற்றி நிறம் மாறுவதை அளக்கிறோம். தாவரச் சேர்மங்களில் பல, செல்லே இல்லாத கிண்ணத்திலும் அந்தச் சாயத்தின் நிறத்தைத் தாமாகவே மாற்றிவிடும். செல் இல்லாத கிண்ணம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். எத்தனை கட்டுரைகளில் வைத்திருக்கிறார்கள் என்று நீங்களே ஒரு பத்தை எடுத்துப் பாருங்கள்.

திருத்தக் குறிப்பு எழுதி அனுப்பினேன். நீண்ட காலம் கழித்துச் சின்னதாக வந்தது. மூலக் கட்டுரையைத் தங்கள் கட்டுரைகளில் காட்டுகிறவர்கள் இன்றும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்; திருத்தத்தைக் காட்டியவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமைச் சோதனைக்கு எந்தக் குழுவும் பணம் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் 'புதுமை போதாது' என்றுதான் பதில் வந்திருக்கும்.

இது ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு. அறிமுகமில்லாத குரல், வயது முப்பதுக்குள் இருக்கும். "மேடம், அம்மாவுக்கு நாலாவது கீமோ முடிஞ்சிருக்கு. நானோ குர்குமின் மாத்திரை வாங்கி வெச்சிருக்கேன். அட்டைப்பெட்டியில உங்க ஆராய்ச்சியப் பத்தித்தான் போட்டிருக்கு. கீமோவோட சேர்த்துக் குடுக்கலாமா?" அந்த மாத்திரைக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, செய்திப்பிரிவு எழுதிய குறிப்பை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றேன். "அவரு வேணாங்கறாரு மேடம். அதனாலதான் உங்கள கேக்கறேன்." சில நொடி எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம், அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், எங்கள் கட்டுரையை நம்பி எதுவும் செய்ய வேண்டாம் என்று சொன்னேன். 'எங்கள் கட்டுரையிலேயே தப்பு இருக்கிறது' என்று மட்டும் வாயில் வரவில்லை. அன்றைக்குத் திருத்தம் அச்சாகியிருக்கவில்லை என்பது வெறும் சாக்கு.

தாவரச் சேர்மம்தானே, கெடுதல் என்ன வந்துவிடும் என்று உங்கள் குழுவில்கூட யாராவது நினைக்கலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூ மூலிகையைச் சாப்பிட்டுக்கொண்டே இரினோடீகன் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் இரத்தத்தில், அந்த மருந்தின் செயல்படும் வடிவம் 42 சதவீதம் குறைந்துபோனது. 2002இல் அச்சான முடிவு. கல்லீரல் நொதிகளை அந்த மூலிகை முடுக்கிவிட்டதால் மருந்து வேலை செய்வதற்கு முன்னாலேயே உடலைவிட்டுப் போய்விட்டது. குர்குமினே மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் சில கீமோ மருந்துகளின் வேலையைத் தடுத்தது என்பதும் அதே ஆண்டில் வந்த ஆய்வுதான். அது செல்லிலும் எலியிலும் பார்த்தது, மனிதரில் அல்ல. ஆனால் கைபேசியில் அந்தப் பிள்ளை கேட்டது இதைத்தானே? சேர்த்துக் கொடுத்தால் கூடுமா, குறையுமா? துகளில் அடைத்து அளவைப் பல மடங்கு ஏற்றினால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பதில் தெரிய வேண்டுமானால், முதலில் துகளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா?

துகள்களின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போயிருந்தால் வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன். நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குப் பாக்லிடாக்சல் ஏற்றினார்கள். பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்த மருந்து. 1962இல் பட்டையைச் சேகரித்தார்கள். மன்றோ வால், மன்சுக் வாணி ஆகியோரின் குழு அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992இல். முப்பது ஆண்டு. இந்தத் தாமதத்துக்கு ஒரு பெரிய காரணம், அதுவும் தண்ணீரில் கரையாது. கடைசியில் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கிரெமோஃபோர் என்ற பிசுபிசுப்பான கரைப்பானிலும் சாராயத்திலும் கரைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கரைப்பான் சாதாரணப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து பிளாஸ்டிக் இளக்கியையே உருவி எடுத்துவிடும் என்பதால் அதற்குத் தனிக் குழாய் வேண்டும். ஒவ்வாமை வராமல் இருக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு, அலர்ஜி மருந்து எல்லாம் கொடுத்தாக வேண்டும்.

அத்தனையும் கொடுத்துத்தான் ஏற்றினார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். அக்கா என் கையைப் பிடித்து, "நெஞ்சு அடைக்குதுடி" என்றாள். கழுத்திலிருந்து கன்னம் வரை செக்கச்செவேல் என்று ஏறியது. செவிலியர் ஓடிவந்து குழாயின் திருகை மூடினார். அரை மணி கழித்து, இன்னும் மெதுவாக, சொட்டை எண்ணி எண்ணி ஏற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடிப் புட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தக் கரைப்பான் என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி எதிர்வினைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்றும் தெரியும். இதைப் பாடமாக எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன்!

நானோத்துகள் உண்மையிலேயே சாதித்தது அங்கேதான். பாக்லிடாக்சலை மனித இரத்தப் புரதமான அல்புமினோடு பிணைத்து, 130 நானோமீட்டர் அளவுத் துகளாகச் செய்து, கரைப்பானைத் தூக்கிப் போட்டார்கள். 2005 ஜனவரியில் அப்ராக்சேன் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. மூன்று மணி நேரம் ஏறியது அரை மணியில் ஏறியது. வழக்கமான ஸ்டீராய்டு முன்மருந்து தேவைப்படவில்லை. உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராமாக இருந்த அளவை 260 வரை ஏற்ற முடிந்தது. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 454 பெண்களிடம் நடந்த சோதனையில் கட்டி சுருங்கியவர்கள் 33 சதவீதம். பழைய முறையில் 19. அதே சோதனையில் கடுமையான நரம்பு மரமரப்பு 10 சதவீதம், பழைய முறையில் 2 என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடுதல் மருந்தைக் கொடுத்தால் விரல்கள் அதற்கு விலை கொடுக்கின்றன. மரமரப்பு என்றால் என்ன என்று, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கோபத்தில் அழுத அக்காவைப் பார்த்தவள் நான். சதவீதமாக மட்டும் அதைப் படிக்க என்னால் முடிவதில்லை.

இந்தக் கதையில் 'புதுமை' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மருந்து பழையது. புரதம் நம் எல்லோரின் இரத்தத்திலும் ஓடுவது. கரைப்பான் ஆளைப் படுத்துகிறது, அதை எடுத்துவிடலாம் என்ற ஒற்றைப் பிரச்சினைக்கு ஒற்றை விடை. அதை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்ய முடிந்தது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்தோடு நேருக்கு நேர் நிறுத்தினார்கள். 2015இல் வந்த, லைப்போசோம் என்ற கொழுப்பு நுண்குமிழியில் ஏற்றிய இரினோடீகனும் இப்படித்தான். கேம்ப்டோதெக்கா என்ற மரத்திலிருந்து 1966இல் பிரித்தெடுத்த கேம்ப்டோதெசினின் வழிவந்தது அது. முதல் சிகிச்சைக்குப் பிறகும் முற்றிய கணையப் புற்றுநோயில், வழக்கமான மருந்துகளோடு இதையும் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 4.2 மாதத்திலிருந்து 6.1 மாதமானது. கூடியது இரண்டு மாதத்துக்கும் கீழே. அந்த இரண்டு மாதத்தைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை. ஆனால் அதை 'புரட்சி' என்று எழுதும் செய்திக்குறிப்புகளையும் பொறுக்க முடியவில்லை.

நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தின் லைப்போசோம் வடிவம் வேறு கதை. 2012இல் விரைவு அனுமதி பெற்றது. பலனை உறுதிப்படுத்த வேண்டிய அடுத்த சோதனை முடியாமலே 2022இல் அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

குர்குமினுக்கு வந்தால், 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைப் பார்த்துவிட்டு எழுதிய மதிப்பாய்வு ஒன்று இருக்கிறது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல், மருந்தே இல்லாத போலி மருந்தோடு ஒப்பிட்ட சோதனைகளில் வெற்றி பெற்றது ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் கண்டது. அதே 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இரத்தக்குழாயில் ஏற்றிய குர்குமின் கலவையால் இருவருக்குக் கடும் எதிர்வினை; அவர்களில் ஒருவர் இறந்தார். கலவையில் கரைப்பதற்காகச் சேர்த்திருந்த ஆமணக்கெண்ணெய்ச் சேர்மத்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது தெரியவந்தது. மருந்தை ஏற்றிச் செல்லும் பொருளும் மருந்தின் பாகம்தான். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் அதன் தூய்மையைக் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை; 'புதுமை'க்கு அரைப் பக்கம் இருக்கிறது.

இன்னொரு எண்ணையும் உங்கள் முன் வைக்கிறேன். துகள் இரத்தத்தில் போனதும் கட்டியின் ஓட்டை விழுந்த இரத்தக்குழாய்கள் வழியே கசிந்து அங்கேயே தங்கிவிடும் என்பது, 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்களான மட்சுமுராவும் மயேடாவும் எழுதியதிலிருந்து இந்தத் துறையின் மூலாதாரம். பாதி முன்மொழிவுகளின் முதல் படமே அதுதான். 2016இல் டொராண்டோவில் வாரன் சானின் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. விலங்குகளில் செலுத்திய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலையாக, 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். இதைப் படித்த பிறகும் 'கட்டியைத் தேடிச் சென்று தாக்கும் துகள்' என்று தலைப்பு வைத்த திட்டங்களுக்கு ஆண்டுதோறும் நிதி போகிறது. துகளின் மேல் ஒரு புதுப் பூச்சு பூசினால் புதுத் திட்டம். கல்லீரலில் எவ்வளவு தங்கியது என்று கேட்டால் பழைய கேள்வி.

மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு துகளை உறைய வைத்து உலர்த்தித் தூளாக்கி, மறுபடி தண்ணீர் விட்டால் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்பதைச் சரிசெய்யவே ஓராண்டு ஆகும். எந்தச் சர்க்கரையை எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு வேகமாக உறைய வைப்பது என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் திரண்டு, கட்டிப்பட்டு, கிருமி நீக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். நோயாளியின் இரத்தக்குழாயில் ஏறப்போகும் எதற்கும் இந்த வேலை இல்லாமல் முடியாது. ஆனால் இதைச் செய்யும் மாணவிக்கு ஓராண்டு முடிவில் காட்ட ஒரு கட்டுரை இருக்காது. பக்கத்து மேசையில் புதுத் துகள் செய்தவருக்கு இரண்டு இருக்கும். எங்கள் சனிக்கிழமை மாணவி இப்போது இந்தத் துறையிலேயே இல்லை. கெட்டிக்காரர்களை இப்படித்தான் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. பணம் குறைவு, எல்லாவற்றையும் மறுபடி மறுபடி செய்து பார்த்துக்கொண்டிருந்தால் எப்போது முன்னேறுவது என்று கேட்பீர்கள். நான் எல்லாவற்றையும் கேட்கவில்லை, ஐந்தைக் கேட்டேன். பிறருடைய துகள்களைச் சோதித்துச் சொல்வதற்கென்றே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2004இல் தனி ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. ஏற்றுக்கொண்ட துகள்களை அவர்கள் கட்டணமில்லாமலே சோதித்தார்கள். அங்கே போன மாதிரிகளில் அடிக்கடி தென்பட்ட குறைகளில் ஒன்று, பாக்டீரிய நச்சான எண்டோடாக்சின் கலந்திருந்தது. எலிக்குக் காய்ச்சல் வந்ததா, மருந்து வேலை செய்ததா என்றே பிரித்துச் சொல்ல முடியாதபடி செய்துவிடும் அழுக்கு அது. இதைக் கண்டுபிடிப்பதில் புதுமை இல்லைதான்.

எனவே என் கோரிக்கைகள்.

என் விண்ணப்பத்தை மறுபடி எடுங்கள் என்று கேட்கவில்லை. விதி இடம் தராது என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்த சுற்று அறிவிப்பில், வெளிவந்த துகள்களை மறுபடி செய்து சோதிப்பதற்கென்று தனி ஒதுக்கீடு வையுங்கள். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். அதில் மதிப்பீட்டு அளவுகோலிலிருந்து 'புதுமை'யை எடுத்துவிடுங்கள். யார் செய்தாலும் சரி. என் ஆய்வுக்கூடம்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. எங்கள் பழைய துகளை அந்த ஐந்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், செய்முறைக் குறிப்பேட்டை அப்படியே தருகிறேன்.

நீங்கள் நிதி தரும் ஒவ்வொரு துகள் திட்டத்துக்கும் சில நிபந்தனைகள் போடுங்கள்: பாலிமர் இல்லாத கட்டுப்பாட்டுச் சோதனை, தனித் தூளைப் பிரித்த பிறகு அளந்த மருந்தளவு, செல் இல்லாத கிண்ணம், எண்டோடாக்சின் அளவு, மூன்று தடவை தனித்தனியாகச் செய்ததன் முடிவு, கட்டியில் மட்டுமல்லாமல் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிய அளவு. புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. இத்தகைய ஆய்வுகளில் குறைந்தபட்சம் எவற்றை எழுத வேண்டும் என்று 2018இலேயே ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் படிவத்தோடு இணைத்தால் போதும். கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும் திட்டமானால், தாவரச் சேர்மம் கீமோ மருந்தின் இரத்த அளவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதை விலங்கிலேயே அளந்தாக வேண்டும் என்று எழுதுங்கள்.

எலியோடு நின்ற வேலையைப் பற்றி நோயாளிகள் படிக்கும் இடத்தில் செய்திக்குறிப்பு போடுவதானால், 'மனிதரில் சோதிக்கப்படவில்லை' என்ற வரி தலைப்புக்கு அடுத்த வரியாக இருக்க வேண்டும் என்று நிதி ஒப்பந்தத்திலேயே சேருங்கள். கடைசிப் பத்தியில் அல்ல.

சரியாக வராத முடிவுகளையும் இறுதி அறிக்கையோடு வாங்கி, யாரும் பார்க்கும்படி வையுங்கள். இப்போது உங்கள் அறிக்கைப் படிவத்தில் 'சாதனைகள்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குக் கீழே 'வராதவை' என்று ஒன்று சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

கடைசியாக, இந்த நான்கில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அடுத்த சுற்று தொடங்கும் முன் எழுத்தில் சொல்லுங்கள். எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், அறிவிப்போடு சேர்த்தே வெளியிடுங்கள். அந்தப் பிள்ளையின் எண் என்னிடம் இருக்கிறது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இந்த மடலோடு அவருக்கு அனுப்புகிறேன். உங்கள் பதில் வந்ததும் அதையும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
நீங்கள் திருப்பி அனுப்பிய விண்ணப்பத்தை எழுதியவள்